பக்கத்துக் கேலக்ஸிகளின் மங்கிய கருந்துளைகள்: எக்ஸ் கதிரில் தேடத் தொடங்குபவர்களுக்கு

பெங்களூரில் இருந்துகொண்டு வானியல் கற்க நினைப்பவர்கள் முதலில் சொல்லும் குறை, இங்கே வானமே தெரிவதில்லை என்பதுதான். பாதி வருடம் மேகம். மேகம் விலகினால் தெருவிளக்கு. இங்கே சொல்லப்போகும் வேலைக்கு இரண்டுமே தடையில்லை. விண்வெளித் தொலைநோக்கிகள் கால் நூற்றாண்டாகச் சேர்த்துவைத்த எக்ஸ் கதிர்த் தரவுகள் இலவசமாகப் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு மடிக்கணினி, நிற்காத இணையம், கொஞ்சம் பைத்தான் இருந்தால் கே.ஆர்.புரத்துப் பிஜி அறையிலேயே தொடங்கிவிடலாம்.

அல்சூரில் ஞாயிறு மாலைகளில் கூடும் எங்கள் சிறு குழுவில் பாதிப்பேர் மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், மற்றவர்கள் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி ஓர் ஒழுங்குக்கு வந்ததைத்தான் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கேலக்ஸியின் நடுவில் எக்ஸ் கதிர்ப் புள்ளி ஒன்றைப் பார்ப்பது ஒரு மாலைப் பொழுதின் வேலை. அது கருந்துளையைத் தவிர வேறொன்றாக இருக்க வழியில்லை என்று காட்டுவதற்குத்தான் மாதங்கள் பிடிக்கும். இந்தத் துறையின் உண்மையான வேலை அந்த இரண்டாவது பகுதியில்தான் இருக்கிறது.

எதைத் தேடுகிறோம்

பெரிய கேலக்ஸிகளின் நடுவில் பெருங்கருந்துளைகள் இருக்கின்றன. நம் பால்வெளியின் நடுவிலுள்ள சாஜிட்டேரியஸ் ஏ நட்சத்திரம் என்ற கருந்துளை சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை கொண்டது. கருந்துளை வாயுவை விழுங்கும்போது, விழும் வாயு சூடேறி ஒளிர்கிறது. எவ்வளவு ஒளிரலாம் என்பதற்கு எடிங்டன் வரம்பு என்று ஓர் எல்லை உண்டு: ஒரு சூரிய நிறைக்கு விநாடிக்கு 1.26×10³⁸ எர்க் (எர்க் என்பது ஆற்றலின் ஓர் அலகு). வாயுவை வேகமாக விழுங்கும் தொலைதூரப் பெருங்கருந்துளைகளான குவேசார்கள் இந்த வரம்பை ஒட்டி எரிகின்றன. நம் அக்கம்பக்கத்துக் கருந்துளைகள் அப்படியில்லை, பெரும்பாலும் பட்டினி கிடக்கின்றன.

எவ்வளவு பட்டினி என்று கணக்கிட்டுப் பாருங்கள். சோம்ப்ரேரோ என்று அழைக்கப்படும் எம்104 கேலக்ஸியின் கருந்துளை நூறு கோடிச் சூரிய நிறையை ஒட்டியது. அதன் எடிங்டன் வரம்பு 10⁴⁷ எர்க்/விநாடி அளவில் வரும். அது எக்ஸ் கதிரில் வெளியிடுவதோ 10⁴⁰ அளவில்தான். வரம்பில் கோடியில் ஒரு பங்கு. சாஜிட்டேரியஸ் ஏ நட்சத்திரம் அமைதியாக இருக்கும்போது 2×10³³ எர்க்/விநாடி மட்டுமே எக்ஸ் கதிரில் தருகிறது; அது தன் வரம்பில் இருபத்தையாயிரம் கோடியில் ஒரு பங்கு.

விழும் வாயு குறைவு என்பது காரணத்தில் பாதி. மற்ற பாதியை 1994-95இல் ரமேஷ் நாராயணும் இன்சு யியும் எழுதிய ஆய்வுகள் விளக்கின. வாயு மிக மெலிதாக விழும்போது, தன் வெப்பத்தை ஒளியாக வெளியேற்ற அதற்கு நேரம் போதாது. அந்த வெப்பத்தோடேயே கருந்துளைக்குள் போய்விடுகிறது. ரமேஷ் நாராயண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை படித்து, பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நீங்கள் தேடப்போகும் பொருள் ஏன் மங்கலாக இருக்கிறது என்பதற்கான இன்றைய விளக்கத்தில் இந்த ஊரில் படித்த ஒருவரின் கை இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கும்.

ஏன் எக்ஸ் கதிர்

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கேலக்ஸியின் நடுப்பகுதி விண்மீன் கூட்டத்தால் நிரம்பி வழிகிறது. பட்டினிக் கருந்துளையின் ஒளி அதில் மூழ்கிவிடும். இருந்தும் நிறமாலைக் கோடுகளை வைத்துத் தேடியிருக்கிறார்கள். 1997இல் லூயிஸ் ஹோ, ஃபிலிப்பென்கோ, சார்ஜெண்ட் ஆகியோர் வெளியிட்ட பாலோமர் ஆய்வு, அருகிலுள்ள 486 பிரகாசமான கேலக்ஸிகளின் நடுப்பகுதியைப் பார்த்து, ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஏதோ ஒரு கருந்துளைச் செயல்பாட்டின் அறிகுறி இருக்கலாம் என்றது. அந்த அறிகுறிகளில் பெரும்பகுதி லைனர் என்ற பலவீனமான வகை. வயதான விண்மீன்களின் புற ஊதாக் கதிரும் லைனர் போன்ற கோடுகளைத் தரக்கூடும் என்பதுதான் அதிலுள்ள சிக்கல்.

எக்ஸ் கதிரில் விண்மீன்களின் கூட்டம் அடங்கிவிடுகிறது. சூரியன் போன்ற சாதாரண விண்மீன்கள் அங்கே கணக்கிலேயே வராது. அதோடு, 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) மேற்பட்ட கதிர்கள் ஓரளவு தூசியையும் வாயுவையும் ஊடுருவி வந்துவிடும்.

எந்தத் தொலைநோக்கியின் தரவு

முதலில் சந்திரா. 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடத்தில் ஏறிப்போன இந்தத் தொலைநோக்கிக்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர். நமக்கு அது முக்கியமாவது அதன் கூர்மையால்: அரை விகலை (விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு). ஒரு கோடிப் பார்செக் தொலைவிலுள்ள, அதாவது ஏறத்தாழ 3.26 கோடி ஒளியாண்டு தூரத்துக் கேலக்ஸியில் அரை விகலை என்பது 80 ஒளியாண்டு. அதே 1999இன் டிசம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்எம்எம்-நியூட்டன் அதிகக் கதிர்களைச் சேகரிக்கும். ஆனால் அதன் மங்கல், அதாவது ஒரு புள்ளியைப் பரப்பிக் காட்டும் அளவு, 15 விகலை. அதே தூரத்தில் அது 2,000 ஒளியாண்டுக்கு மேல். அந்த வட்டத்துக்குள் கருந்துளையோடு எத்தனையோ வேறு எக்ஸ் கதிர்ப் பொருள்களும் கலந்துவிடும்.

பெங்களூரில் இதைச் சொல்லும்போதெல்லாம் "நம்ம அஸ்ட்ரோசாட் இருக்கே?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற அஸ்ட்ரோசாட்டின் தரவுகள் நகருக்கு வெளியே பியாலாலுவிலுள்ள இஸ்ரோ மையத்துக்குத்தான் வந்து சேருகின்றன. அதன் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் மங்கல் 2 கலை, அதாவது 120 விகலை. நம் உதாரணத் தூரத்தில் அது ஏறத்தாழ 19,000 ஒளியாண்டு. கேலக்ஸியின் நடுப்பகுதி முழுவதும் ஒரே புள்ளியாகிவிடும். பிரகாசமான கருந்துளைகள் நேரத்துக்கு நேரம் மாறுவதைப் பார்க்க அது நல்ல கருவி, மங்கியவற்றைத் தனியே பிரித்தெடுக்க முடியாது. அதே செயற்கைக்கோளிலுள்ள, கோரமங்கலாவின் இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புற ஊதாத் தொலைநோக்கி 1.5 விகலைக்குள் கூர்மை கொண்டது. கேலக்ஸியின் நடுவில் இளம் விண்மீன்கள் எவ்வளவு பிறக்கின்றன என்று அறிய அதன் படங்கள் பின்னால் உதவும். ஆகவே அஸ்ட்ரோசாட்டை ஒதுக்க வேண்டாம், அதற்கான இடத்தில் வையுங்கள்.

2024 ஜனவரியில் வெளியான, ஈரோசிட்டா என்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் முதல் பட்டியல் வானத்தின் பாதியில் 9 லட்சம் பொருள்களைத் தருகிறது. எந்தக் கேலக்ஸியை உன்னிப்பாகப் பார்க்கலாம் என்று தேர்ந்தெடுக்க நல்லது. முடிவு சொல்ல அதன் மங்கலும் பெரிது.

முதல் படி: கேலக்ஸியைத் தேர்ந்தெடுங்கள்

எடுத்த எடுப்பில் எம்81 பக்கம் போகாதீர்கள். ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டில், பிரகாசமான கருந்துளையோடு, பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சந்திராவின் கேமரா சாதாரணமாக 3.2 விநாடிக்கு ஒருமுறைதான் படத்தைப் படித்தெடுக்கிறது. அதற்குள் ஒரே இடத்தில் இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) விழுந்தால், இரண்டின் ஆற்றலையும் கூட்டி ஒரே ஃபோட்டானாகப் பதிந்துவிடும். பைல்-அப் என்பார்கள். எண்ணிக்கையும் தவறும், நிறமாலையும் தவறும்.

என் சிபாரிசு இரண்டு. பழகுவதற்கு எம்104: புள்ளி தெளிவாகத் தெரியும், பைல்-அப் ஓரளவு இருக்கிறதா என்று சோதிக்கவும் அதிலேயே கற்றுக்கொள்ளலாம். மங்கிய கருந்துளையைத் தேடும் உண்மையான வேலைக்கு எம்105, அதாவது என்ஜிசி 3379. ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஒளியாண்டில் உள்ள அமைதியான நீள்வட்டக் கேலக்ஸி. புதிய விண்மீன் பிறப்பு ஏறக்குறைய இல்லை, சூடான வாயுவும் குறைவு. சந்திரா அதை மொத்தம் மூன்று லட்சம் விநாடிக்கு மேல் பார்த்திருக்கிறது. அதன் நடுப்புள்ளியின் ஒளிர்திறன் 10³⁸ எர்க்/விநாடி அளவில்தான். சுற்றிலும் அதே அளவு பிரகாசமுள்ள வேறு புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. எது கருந்துளை, எது இல்லை என்ற கேள்வி உங்கள் முகத்தின் முன்னாலேயே நிற்கும்.

நாசாவின் நெட் தரவுத்தளத்தில் தொலைவு எடுக்கும்போது கவனம். இவ்வளவு அருகில் செம்பெயர்ச்சியை (விலகிப்போகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதை) மட்டும் நம்பித் தொலைவு சொல்வது தவறாகலாம், ஏனென்றால் கேலக்ஸிகளின் சொந்த ஓட்டம் அதில் கலந்திருக்கும். செஃபீடு மாறொளி விண்மீன்கள் போன்ற நேரடி முறையில் கிடைத்த தொலைவு இருந்தால் அதை எடுங்கள். தொலைவில் 20 சதவீதம் பிழை என்றால் ஒளிர்திறனில் 44 சதவீதம் பிழை.

கேலக்ஸியின் மையம் எங்கே என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள்: அகச்சிவப்பு அல்லது ரேடியோப் படத்திலிருந்து எடுத்த இடம், எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து வேண்டாம். புள்ளியைப் பார்த்துவிட்டு அதுதான் மையம் என்று முடிவுசெய்தால் எல்லாப் புள்ளியும் கருந்துளையாகிவிடும்.

இரண்டாம் படி: தரவும் மென்பொருளும்

சந்திராவுக்கான மென்பொருள் சியாவோ. கோண்டா என்ற நிறுவல் கருவி வழியாக நிறுவலாம். லினக்ஸ் அல்லது மேக் நல்லது. விண்டோஸ் என்றால் அதற்குள் லினக்ஸை ஏற்றிக்கொள்ளுங்கள். படம் பார்க்க டிஎஸ்9, நிறமாலைக்கு சியாவோவோடு வரும் ஷெர்ப்பா அல்லது நாசாவின் எக்ஸ்பெக். சியாவோவின் தளத்தில் திரெட் என்ற பெயரில் ஒவ்வொரு வேலைக்கும் கட்டளை கட்டளையாக விளக்கம் இருக்கிறது. நான் இதுவரை பார்த்த அறிவியல் மென்பொருள் விளக்கங்களில் இவ்வளவு அக்கறையாக எழுதப்பட்டவை குறைவு. எனவே கட்டளைகளை இங்கே திரும்ப எழுதவில்லை.

காப்பகத்தில் தேடும்போது ஏசிஸ்-எஸ் கேமராவில், கிரேட்டிங் (கதிரை ஆற்றல்வாரியாகப் பிரிக்கும் கீற்றணி) இல்லாமல் எடுத்த பார்வைகளைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கேலக்ஸியின் மையம், தொலைநோக்கி குறிவைத்த புள்ளியிலிருந்து இரண்டு மூன்று கலைக்குள் இருக்கட்டும். விலகிப் போகப்போகக் கூர்மை கெடும். எந்த ஆண்டில் எடுத்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேமராவின் முன்னாலுள்ள வடிப்பானில் வருடக்கணக்காக ஒரு படிவு சேர்ந்துவருகிறது. அதனால் 2000இல் 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே நன்றாகத் தெரிந்த பொருள், அண்மைப் பார்வையில் அதே அளவு ஃபோட்டான் தராது. அது மங்கிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இறக்கியவுடன் சந்திரா-ரீப்ரோ என்ற கட்டளையை ஓட்டி, இன்றைய அளவுத்திருத்தங்களோடு கோப்புகளைப் புதுப்பியுங்கள். கிடைப்பது ஒரு நிகழ்வுக் கோப்பு: விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் இடம், நேரம், ஆற்றல். 0.5 முதல் 7 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வடிகட்டுங்கள். டிஎஸ்9இல் மென்மையாக்கிய படம் அழகாக இருக்கும், ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்று ஃபோட்டான்களைக்கூட மென்மையாக்கல் ஒரு அழகான குமிழாக மாற்றிக் காட்டும்.

மூன்றாம் படி: எண்ணுங்கள்

ஒரு கோடிப் பார்செக்கில் 10³⁸ எர்க்/விநாடி ஒளிரும் பொருளிலிருந்து நம்மை வந்தடையும் ஆற்றல், அதாவது பாயம், சதுர செ.மீ.க்கு விநாடிக்கு 8×10⁻¹⁵ எர்க். சந்திராவின் ஆரம்ப ஆண்டுகளில் 10,000 விநாடி பார்த்திருந்தால் அதற்கு ஏறத்தாழ எட்டு ஃபோட்டான் கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் எங்கள் குழுவில் முதலாண்டு படிக்கும் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, வெறும் எட்டா? எட்டை வெச்சு என்ன சொல்ல முடியும்?"

நிறையச் சொல்லலாம், பின்னணி என்ன என்று தெரிந்தால். சந்திராவின் பின்னணி மிகக் குறைவு. 2 விகலை ஆரமுள்ள வட்டத்துக்குள் 10,000 விநாடியில் தற்செயலாக விழக்கூடியது கால் ஃபோட்டான் அளவுதான். கால் எதிர்பார்க்கும் இடத்தில் எட்டு விழுவதற்கான வாய்ப்பு, சிறு எண்ணிக்கைகளுக்கான பாய்சான் நிகழ்தகவுக் கணக்குப்படி, இருநூறு கோடியில் ஒன்றுக்கும் குறைவு. எனவே அங்கே பொருள் இருக்கிறது என்பதில் ஐயமில்லை.

இப்போது அதே எட்டு ஃபோட்டான், சூடான வாயு நிறைந்த ஒரு நீள்வட்டக் கேலக்ஸியின் நடுவில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயுவே அந்த வட்டத்துக்குள் சராசரியாக மூன்று ஃபோட்டான் தருகிறது. மூன்று எதிர்பார்க்கும் இடத்தில் எட்டோ அதற்கு மேலோ விழும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டுகிறது. நூறு கேலக்ஸிகளைப் பார்த்தால் ஒன்றில் தற்செயலாகவே இது நடக்கும். அதே எட்டுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள். ஆகவே பின்னணியைத் தொலைதூர வெற்று வானத்திலிருந்து எடுக்காதீர்கள். புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் வரைந்து, அதிலுள்ள வேறு புள்ளிகளை நீக்கிவிட்டு, அங்கிருந்து எடுங்கள்.

இன்னொன்று. எட்டு ஃபோட்டானுக்கு வர்க்கமூலம் எடுத்துக் கூட்டல் கழித்தல் 2.8 என்று எழுதும் பழக்கம் கல்லூரி ஆய்வகத்திலிருந்து வருகிறது. இவ்வளவு சிறிய எண்களில் பிழை இருபுறமும் சமமாக இராது: மேலே 4.0, கீழே 2.8. இந்த அட்டவணையை 1986இல் கெரல்ஸ் தந்தார், இன்றும் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஒரு ஃபோட்டான்கூட விழவில்லை, பின்னணியும் இல்லை என்றால், 95 சதவீத உறுதியோடு மேல் வரம்பு 3 ஃபோட்டான். அந்த வரம்பையும் ஒளிர்திறனாக மாற்றிப் பட்டியலில் எழுதுங்கள். எத்தனை கருந்துளைகள் செயலில் உள்ளன என்று பின்னால் யாராவது கணக்கிட்டால், காணாமல் போனவையும் அதில் சேர வேண்டும்.

படம் முழுவதும் புள்ளிகளைக் கண்டுபிடிக்க வேவ்டிடெக்ட் என்ற கருவி. ஓரிடத்தைத் தவறாகப் புள்ளி என்று ஏற்கும் வாய்ப்பின் எல்லையை 10⁻⁶ என்று வையுங்கள். ஒரு கேமராச் சில்லு முழுவதற்கும் ஒரு பொய்ப் புள்ளிதான் எதிர்பார்க்கலாம். பாயத்தைக் கணக்கிட எஸ்ஆர்சி-ஃப்ளக்ஸ் கட்டளை. நிறமாலையின் சரிவு காமா 1.8 என்று எடுத்துக்கொண்டு, நம் பால்வெளியின் ஹைட்ரஜன் மறைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இடம் பொருந்துகிறதா

சந்திரா சொல்லும் இடத்தில் 1 விகலை அளவு பிசகு இருக்கலாம். படத்திலுள்ள மற்ற எக்ஸ் கதிர்ப் புள்ளிகளில் விண்மீன்களின் இடத்தைத் துல்லியமாகத் தரும் கையா பட்டியலின் பொருள்களோடு பொருந்துபவற்றைக் கண்டுபிடித்து, படத்தையே சற்று நகர்த்திச் சரிசெய்யுங்கள். பிறகு, முதலில் எழுதிவைத்த மையத்தோடு ஒப்பிடுங்கள். ஆண்ட்ரோமெடா இதில் பாடம் கற்றுத்தரும் கேலக்ஸி. அதன் மையத்தில் அரை விகலை இடைவெளியில் இரண்டு விண்மீன் செறிவுகள். கருந்துளை அவற்றில் மங்கலாகத் தெரியும் செறிவில் இருக்கிறது. படத்தைச் சரிசெய்யாமல் அங்கே எதையும் சொல்ல முடியாது.

ஐந்தாம் படி: போலிகளை விலக்குங்கள்

இங்கேதான் பொறுமை தேவை. நடுவில் ஒரு புள்ளி இருக்கிறது, இடமும் பொருந்துகிறது. அது என்னவெல்லாமாக இருக்கலாம்?

முதல் சந்தேகம் எக்ஸ் கதிர் இரட்டை: ஒரு விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சும் நியூட்ரான் விண்மீனோ சிறு கருந்துளையோ. 1.4 சூரிய நிறையுள்ள நியூட்ரான் விண்மீனின் எடிங்டன் வரம்பே 1.8×10³⁸ எர்க்/விநாடி. நாம் தேடும் அளவும் அதுவேதான். சந்தேகத்தை எண்ணாக மாற்ற லெமர் குழு 2010இல் தந்த வாய்பாடு இருக்கிறது: 2 முதல் 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரையில், ஒவ்வொரு சூரிய நிறை விண்மீனுக்கும் 9×10²⁸ எர்க்/விநாடி, ஆண்டுக்கு ஒரு சூரிய நிறை விண்மீன் பிறந்தால் அதற்கு 1.6×10³⁹. இரண்டையும் கூட்டினால் இரட்டைகளிலிருந்து எதிர்பார்க்கும் ஒளிர்திறன் வரும்.

புதியவர்கள் பலர் இதை முழுக் கேலக்ஸிக்கும் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் எண்ணிய வட்டத்துக்குள் இருக்கும் விண்மீன் நிறைக்கு மட்டும் போடுங்கள். வட்டத்துக்குள் 10⁹ சூரிய நிறை இருக்கிறது, புதிய பிறப்பு இல்லை என்றால் எதிர்பார்ப்பு 9×10³⁷. அங்கே 10³⁸ அளவில் ஒரு புள்ளி கிடைத்தால் அது செய்தியே இல்லை. 10³⁹ கிடைத்தால் அப்போது நிமிர்ந்து உட்காருங்கள். இந்த வாய்பாடு சராசரியைத்தான் சொல்கிறது. ஒற்றைப் பிரகாசமான இரட்டை எங்கும் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

10³⁹ தாண்டினாலும் மிகையொளி எக்ஸ் கதிர் மூலங்கள் என்று ஒரு வகை இருக்கிறது. நெடுங்காலம் அவற்றில் பலவற்றை நடுத்தர நிறைக் கருந்துளைகள் என்று நினைத்தார்கள். 2014இல் எம்82 கேலக்ஸியிலுள்ள அத்தகைய ஒன்று துடிக்கும் நியூட்ரான் விண்மீன் என்று நூஸ்டார் தொலைநோக்கி காட்டியது. ஒளிர்திறனை மட்டும் வைத்து நிறையை ஊகிக்கும் வழக்கத்துக்கு அது பெரிய எச்சரிக்கை.

சூடான வாயு எளிதில் பிடிபடும். அதன் வெப்பநிலை பெரும்பாலும் 1 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்குள்தான். 2 முதல் 7 வரையிலான கடின எக்ஸ் கதிரில் மட்டும் படம் செய்யுங்கள். அப்போதும் மையத்தில் கூர்மையான புள்ளி இருந்தால் அது வாயு இல்லை. எம்87 போன்றவற்றில் தாரையின் (கருந்துளையின் அருகிலிருந்து பீறிடும் குறுகிய பாய்ச்சலின்) முடிச்சுகள் குழப்பும்: அதன் எச்எஸ்டி-1 முடிச்சு மையத்திலிருந்து ஒரு விகலைக்கும் குறைந்த தூரத்தில் இருக்கிறது. பின்னணிக் குவேசார் ஒன்று மிகச் சரியாக மையத்தில் வந்து அமரும் வாய்ப்பு மிகக் குறைவு, அதில் நேரம் செலவிட வேண்டாம்.

நிறமாலையைப் பார்த்து முடிவு சொல்லிவிடலாமே என்று தோன்றும். மங்கிய கருந்துளைகளின் காமா 1.7, 1.8 என்று வரும். இரட்டைகள் பலவற்றுக்கும் அதே அளவுதான் வரும். முப்பது நாற்பது ஃபோட்டானில் இரண்டையும் பிரிக்க இயலாது. நிறமாலை ஆதரவு தரும், தீர்ப்புத் தராது.

எனக்கு அதிக நம்பிக்கை ரேடியோவில். 2003இல் மெர்லோனி, ஹைன்ஸ், டி மாத்தேயோ கண்ட ஒரு தொடர்பின்படி, ஒரே எக்ஸ் கதிர் ஒளிர்திறனுள்ள இரண்டு கருந்துளைகளில், நிறை கூடியது ரேடியோவில் பல மடங்கு பிரகாசமாக இருக்கும். பத்துச் சூரிய நிறையையும் ஒரு கோடிச் சூரிய நிறையையும் ஒப்பிட்டால் அந்த வித்தியாசம் ஐம்பதாயிரம் மடங்கு அளவில் வருகிறது. தொடர்பில் சிதறல் பெரிதுதான்; ஆனால் ஐம்பதாயிரம் என்பது சிதறலில் மறையும் எண் இல்லை. அமெரிக்காவின் விஎல்ஏ வானளவை 2.5 விகலைக் கூர்மையில் பொதுவில் இருக்கிறது. புணே அருகிலுள்ள நம் ஜிஎம்ஆர்டியின் காப்பகத்திலும் தேடுங்கள். அதே இடத்தில், கச்சிதமான ரேடியோப் புள்ளி ஒன்று இருந்தால் உங்கள் வழக்கு வலுத்துவிடும். சூப்பர்நோவா எச்சமும் (வெடித்த விண்மீனின் மிச்சமும்) ரேடியோவில் ஒளிரும் என்பதால், புள்ளி விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. எம்51இல் கருந்துளையை அடர்ந்த வாயு மறைத்திருக்கிறது. சந்திரா பார்ப்பது பெரும்பாலும் எதிரொளித்த கதிரை. அதை அப்படியே ஒளிர்திறன் என்று எழுதினால், சுறுசுறுப்பான கருந்துளையைப் பட்டினிக் கருந்துளை என்று சொல்லிவிடுவோம். 6.4 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் இரும்புக் கோடு துருத்திக்கொண்டு நின்றால், மறைப்பு இருக்கிறதென்று சந்தேகியுங்கள். 10 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேலே பார்க்கும் நூஸ்டாரின் தரவு இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஆறாம் படி: எழுதும் சொல்லில் கவனம்

ஹெனைஸ் 2-10 என்ற குறுங்கேலக்ஸியில் எக்ஸ் கதிரும் ரேடியோவும் ஒரே இடத்தில் இருப்பதை வைத்து, அங்கே பெருங்கருந்துளை இருப்பதாக ஏமி ரைன்ஸ் குழு 2011இல் அறிவித்தது. பிறகு அது சூப்பர்நோவா எச்சமாக இருக்கலாம் என்று வேறு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். 2022இல் ஹபிள் தரவு மீண்டும் கருந்துளைப் பக்கம் சாய்ந்தது. தேர்ந்த குழுக்கள், நல்ல தரவு, அப்படியும் பத்தாண்டுக்கு மேல் விவாதம். ஆகவே உங்கள் பட்டியலில் "கருந்துளை" என்ற நெடுவரிசை வேண்டாம். "வேட்பாளர்" என்று எழுதி, எந்தெந்தப் போலியை எந்தச் சோதனையால் விலக்கினீர்கள், எதை விலக்க முடியவில்லை என்று பக்கத்தில் எழுதுங்கள். விலக்க முடியாததைத்தான் படிப்பவர் முதலில் தேடுவார்.

பெங்களூரில் யாரிடம் போவது

கல்லூரி மாணவர்களுக்கு ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தின் ரீப் வகுப்புகள் நல்ல தொடக்கம்; இயற்பியல் அடிப்படையை அங்கே உறுதியாக்கிக்கொள்ளலாம். கோரமங்கலாவின் இந்திய வானியற்பியல் நிறுவனம், சதாசிவநகரின் இராமன் ஆய்வு நிறுவனம், ஐஐஎஸ்சி மூன்றிலும் பொதுச் சொற்பொழிவுகள் நடக்கும். போய் உட்காருங்கள், முடிந்ததும் கேள்வி கேளுங்கள். தமிழ்வழியில் படித்தவர்கள் கேள்வி கேட்கத் தயங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு எண்ணோடு வரும் கேள்விக்கு மொழி தடையாவதில்லை.

ஒரு வேட்பாளர் தேறிவிட்டால், ஒளி நிறமாலை தேவைப்படும். லடாக்கின் ஹான்லேயிலுள்ள 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை நம் நகருக்குப் பக்கத்து ஹொசகோட்டையிலிருந்துதான் இயக்குகிறார்கள். திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி. இரண்டையும் நடத்துவது கோரமங்கலா நிறுவனம். நேரம் கேட்டு விண்ணப்பிக்க ஓர் ஆய்வாளரின் துணை வேண்டும்.

அவருக்கு எழுதும் மின்னஞ்சலை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். "எனக்கு வானியலில் ஆர்வம்" என்ற பத்தியை வெட்டிவிடுங்கள். கேலக்ஸியின் பெயர், பயன்படுத்திய தொலைவும் அது எந்த முறையில் கிடைத்தது என்பதும், பார்வை எண்கள், வட்டத்துக்குள் எண்ணிய ஃபோட்டான்கள், வளையத்திலிருந்து கணித்த பின்னணி, இரட்டைகளிலிருந்து எதிர்பார்த்த ஒளிர்திறன், கிடைத்த ஒளிர்திறன், ரேடியோப் புள்ளி உண்டா இல்லையா, விலக்க முடியாமல் மிஞ்சிய போலி எது. கடின எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றை, மென்மையாக்காமல், மையத்தைக் குறித்து இணையுங்கள்.